மோதிரச் செம்பு

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் போனேன். இப்போது அந்த வீட்டில் பெண்தான் இல்லை! கல்யாணமாகி நாலாவது மாதமே முஸ்பிறா உலோக ஆராய்ச்சிக்கு ஜப்பானுக்குப் போய்விட்டாள். நான் கல்முனையில் அவளுடைய உம்மா ஆக்கிப் போடுவதைத் தின்றுகொண்டு இரண்டு வருடமாகக் காத்துக் கிடக்கிறேன். "என்ன மாப்புள, பொஞ்சாதி எப்ப வாறா?" என்று கேட்காத ஆள் கடைத்தெருவில் இல்லை. நோன்புப் பெருநாளைக்கு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அவள் செய்வது இட்ரியம் என்ற அருமண் உலோகத்தையும் செம்பையும் சரிக்குச் சரி அணுக்களாகச் சேர்க்கிற வேலை. இப்படிச் சேர்ந்த சேர்மங்கள் பெரும்பாலும் தட்டினால் பிஸ்கட் மாதிரி நொறுங்கிவிடும். இது மட்டும் வளையுமாம். ஏன் என்று பிடிபட்டால் மற்றவற்றையும் நொறுங்காமல் செய்ய வழி பிறக்கும் என்பாள்.

எனக்கு மோட்டார் கொயில் சுற்றுகிற தொழில். அவள் பயணம் போன அன்று கொயிலுக்குச் சுற்றுகிற செம்புக் கம்பியில் ஒரு மோதிரம் சுற்றினேன். மேலே இருந்த வார்னிஷைக் கடை வழக்கப்படி நெருப்பில் எரித்துத் துடைத்து, அவள் விரலில் போட்டேன்.

"நீ உருக்குறதுக்குள்ள என்ட செம்பும் கொஞ்சம் இரிக்கோணும்" என்றேன், சிரித்துக்கொண்டு பகிடியாகத்தான்.

நேற்று அஸர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து குந்தியதும் வீடியோவில் அழைத்தாள். அழுத முகம்.

"வளைச்சிப் பார்க்க உருக்கின கடைசிக் கம்பி முறிஞ்சி போச்சி. திரும்ப உருக்கோணும். உலை கிடைக்க மூணு மாசம் ஆகும்."

"அப்ப பெருநாளைக்கு?"

"வர ஏலா."

எனக்கு வந்ததே கோபம். "இவ்வளவு நாளும் வளைஞ்சது இப்ப மட்டும் ஏன் முறிஞ்ச?"

அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். விரலில் மோதிரம் இல்லை.

"அதையும் போட்டு உருக்கினன். நெருப்புப் பட்ட செம்புல ஒக்சிஜன் இரிக்கும், இட்ரியம் அதப் புடிச்சா விடாது, பொறகு கம்பி வளையாம முறியும். தேய்ச்சாப் போயிரும் எண்டு நினைச்சிட்டன்."

"உனக்கென்ன பைத்தியமா புள்ள?"

"உங்கட கை பட்ட ஒண்டு உள்ளுக்க கிடக்கட்டும் எண்டு ஆசப்பட்டன்."

என் கோபம் இறங்கிவிட்டது. அவள் இல்லாமல் இன்னும் மூன்று மாதமா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தால், அவளுடைய உம்மா, என் மாமி, தன் மகளின் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி மடித்து வைத்திருந்தார்.

"மகன், புள்ள எண்டைக்கு வாறாளாம்?"

"மூணு மாசம் செல்லும் மாமி. கம்பி முறிஞ்சிட்டாம்."

"அல்லாஹ்வே! ஆர் முறிச்ச?"

"நான்தான் மாமி" என்றேன்.