மாற்றித் தருகிறோம்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளை எல்லாரும் சோப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இரும்பு கடைந்து கடைந்தே காதைத் தொலைத்தவர். வாய் ஓயாமல் கிண்டலடித்த மனுஷன், இப்போது நாலு பேர் சிரித்தால் எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்துவைத்தார். அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

காது மிஷினை ஆன்லைனில் வாங்கலாம் என்று யோசனை சொன்னது கூட வேலை பார்த்தவள். சரிப்படாவிட்டால் மாற்றித் தருகிறோம் என்று படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை நம்பித்தான் வாங்கினாள்.

மிஷினை மாட்டியதும், "குழாய் சொட்டுதே, மூடக் கூடாதா?" என்றார் அவர். அவள் அடுப்படிக்குள் போய் நின்று அழுதாள். சாயங்காலம் வெளியூரிலிருந்து மகள் பேசியபோது, பேத்தி தாத்தா என்று சொன்னதை முதல்தடவையாகக் கேட்டார். குழந்தை சலித்துப்போய் ஓடும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

ஒரே குறை, மிஷின் அவ்வப்போது வீலென்று கத்தியது.

"அடிச்சா அடிக்கட்டும்மா. மூணு விசில் வந்தா என்னை இறக்கி வச்சிடு" என்றார்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. நல்லதாகவே கிடைக்கும்போது ஓட்டையோடு எதற்குக் குடித்தனம் பண்ண வேண்டும்? போனைத் திறந்தாள். பொருள் கைக்கு வந்துவிட்டதால் ஆர்டரை ரத்து செய்ய வழியில்லை. திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம், அல்லது வேறு மிஷினாக மாற்றிக்கொள்ளலாம். பணம் எதற்கு, அவருக்குக் காதுதானே வேண்டும் என்று மாற்றுவதையே அழுத்தினாள். அவர் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, தானே கழற்றிக் கொடுத்தார். எடுத்துப்போக வந்த ஆள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேலே ஒரு சீட்டை ஒட்டி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நாளில் மாற்றித் தர இயலாது என்று செய்தி வந்தது. பதறிப்போய் போன் செய்தாள். எடுத்த பெண் எழுதி வைத்ததைப் படிப்பதுபோலப் பேசினாள்.

"காதுல போடுற பொருள்மா. கவரைப் பிரிச்சிட்டா மாத்த முடியாது."

"பிரிக்காம எப்படிம்மா காதுல போட்டுப் பார்க்கிறது?"

 அந்தப் பெண், விதிமுறையில் கடைசியில் இருக்கிறது, நீங்கள் ஒத்துக்கொண்டுதான் வாங்கியிருக்கிறீர்கள், பழைய மிஷினையே அனுப்பிவிடுவார்கள் என்றாள். பழையது வந்தாலே போதும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள் சோப்பக்கா.

பெட்டி வந்தது. உள்ளே பிளாஸ்டிக் தட்டும் பேட்டரியும் மட்டும் இருந்தன. மறுபடி போன் செய்தாள். பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எடுக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்கு வெளியே இருந்த அவர்களுடைய குடோனுக்கே போனாள். வாட்ச்மேன் கேட்டைத் தாண்ட விடவில்லை. திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலேயே செய்தி வந்தது: உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

வீட்டில் அவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எப்ப வருமாம்?"

"வந்துடும்" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. கிட்டே போய்க் குனிந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அடுத்த வாரம் வந்துடுமாம்ங்க!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் அவள் முகத்தையே பார்த்தார். காது போன நாளிலிருந்து முகத்தைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியிருந்தார்.

"சரி, விடு" என்றார்.

அப்புறம் மிஷினைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. வேறு எதைப் பற்றியும் கேட்கவில்லை.