வலப்பக்கத்துப் பால்கடை

நாற்சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் நாலாவது கடை பால்கடை. லிஃப்ட்காரர் வலப்பக்கம் திரும்புவதில்லை. சந்தியை நேராகக் கடந்து ஒரு இடது, இன்னொரு இடது, மூன்றாவதாகவும் ஒரு இடது என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதைச் சைக்கிளில் செய்துகொண்டிருந்தார். ஒருமுறை அவர் போய்ச் சேருவதற்குள் கடையிலிருந்த பால் தயிராகிவிட்டது. உறை ஊற்றும் வேலை மிச்சம் என்று அதையே வாங்கிவந்தார்.

முப்பத்துநாலு வருடம் லிஃப்ட் ஆபரேட்டராக மேலும் கீழுமாகவே பிரயாணம் செய்தவருக்கு இடதும் வலதும் தேவைப்படவில்லை. அதற்கெல்லாம் மனைவி இருந்தாள். அவள் தையற்காரி. தைத்த துணிகளை முன்கூடையிலும் புருஷனைப் பின்கேரியரிலும் வைத்து ஓட்டுவாள். திரும்பிப் பார்ப்பதும் கை காட்டுவதும் அவர் இலாகா. "பின்னாடி பஸ்" என்பார், கை நீட்டுவார். திரும்பி முடித்ததும் அவள், "போதும், மடக்குங்க" என்பாள். அவர் மடக்குவார்.

அவள் நோயில் போய் ஆறு மாதம். அதன் பிறகுதான், அறுபத்திரண்டு வயதில், வீட்டுப் பின்முற்றத்தில் ஓட்டப் பழகினார். எத்தனை தடவை விழுந்தார் என்பதை முழங்காலிடம்தான் கேட்க வேண்டும். அந்த வண்டி இல்லாவிட்டால் வீட்டில் சத்தம் போட ஒழுகுகிற குழாய் ஒன்றுதான் மிச்சம்.

மகள் போனில் கேட்டாள்: "அப்பா, வலதுல திரும்புறீங்களா இல்லையா?"

"திரும்பாம? நேத்துகூட ரெண்டு தடவை."

"சந்தியில நிக்கிற போலீஸ் அக்கா நம்பர் எங்கிட்ட இருக்கு."

அவர் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை பால்கடை வாசல்ல நிப்பேன். ஒழுங்கா வலதுல திரும்பி வாங்க. இல்லன்னா வண்டியை எடுத்துட்டுப் போயிடுவேன். எனக்கு மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

சனிக்கிழமை சந்திக்கு நடந்தே போனார். போக்குவரத்துப் போலீஸ்காரி அவரைப் பார்த்ததும், "என்னய்யா, இன்னைக்கு ஒரு தடவைதான் தரிசனமா? தினம் சைக்கிள்ல சுத்தி ரெண்டு தடவை கடப்பீங்களே" என்றாள்.

"ஓட்டுறது அவ உத்தியோகம்மா. பாக்குறது, கை காட்டுறது என் உத்தியோகம். இப்ப எல்லாத்துக்கும் ஒரே ஆள்."

அவள் சிரிக்கவில்லை. "முதல்ல திரும்பிப் பாருங்க. அப்புறம் கை. வண்டி மூணாவதுதான். ஹேண்டிலையே பாக்காதீங்க, அது எங்கயும் ஓடிப்போகாது."

ஞாயிற்றுக்கிழமை காலை. சந்திக்கு முன்னால் திரும்பிப் பார்த்தார். கேரியர் காலியாக இருந்தது. அவருக்காக மனைவி தைத்த மெத்தையில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. அந்த இடத்தை இங்கிருந்து அவர் பார்த்ததே இல்லை. அவளும் பார்த்ததில்லை, அவளுக்குத்தான் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லையே. பள்ளத்துக்கு அப்பால், தூரத்தில், ஒரு பஸ்.

"பின்னாடி பஸ்" என்றார், முன்பக்கம் பார்த்து.

கையை நீட்டினார். போலீஸ்காரியும் கையை உயர்த்தினாள். பஸ் வேகம் குறைத்து நின்றது. முன்சக்கரம் கொஞ்சம் நடுங்கி, வலப்பக்கம் சாய்ந்து, திரும்பியது.

முதல் கடை போனது, இரண்டாவது போனது. நாலாவது கடை வாசலில் மகள் பால்பாக்கெட்டோடு நின்றாள். "அப்பா, திரும்பியாச்சு" என்றாள். அவர் அவளையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார், யாரோ மடக்கச் சொல்வதற்காகக் காது கொடுத்தபடி, நீட்டிய கை நீட்டியபடியே.