ஏழாம் நம்பர் அறையில் ஸ்ட்ராபெரி

வடக்குப்பட்டில் பச்சையப்பன் வாடகைக்கு விட்டிருக்கும் ஏழாம் நம்பர் அறையில், கதவைப் பூட்டுமுன் கடைசியாகச் சொல்லும் ஒரு சொல், யாருக்காகச் சொன்னதோ அவர் வந்து கேட்கும்வரை அப்படியே நிற்கும். வேறு யார் காதிலும் விழாது. ஒன்பதாம் நம்பரில் தளம் ஒழுகும், மூன்றாம் நம்பரில் தண்ணீர் நின்று நின்று வரும், ஏழில் இது. அட்வான்ஸ் வாங்கும்போதே பச்சையப்பன் மூன்றையும் சொல்லிவிடுவார்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு, கார் கதவுக்குத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்புக்கு வேலைக்கு வந்த பேச்சிக்கு அந்த அறையின் ஒற்றைக் கட்டிலில் பாதி கிடைத்தது. மறுபாதி வேறொரு கம்பெனியில் எதிர் ஷிஃப்டில் இருந்த சந்திரலேகாவுக்கு. ஒருத்தி எழுந்துபோன சூட்டிலேயே இன்னொருத்தி வந்து படுப்பது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். தன் நேரம் முடிந்தால் லீவு நாளானாலும் அறையை விட்டுவிட வேண்டும் என்பது பச்சையப்பனின் சட்டம். அதனால் லீவு நாட்களில் பேச்சி ஸ்ரீபெரும்புதூர் போய்க் கோயில் மண்டபத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருஷம் ஒரே தலையணையில் தூங்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கம்பெனி பஸ்கள் எதிரெதிரே கடக்கும்போது இரண்டிலும் எல்லோரும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

முதல் நாள் பேச்சி கதவைத் திறந்ததும் காதில் விழுந்த சொல் 'ஸ்ட்ராபெரி'. மறுநாளும் அதுவே. பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. வெகுநாள் யோசித்துவிட்டு, 'சோப்பா?' என்று சொல்லிப் பூட்டிப் போனாள். திரும்பி வந்தபோது 'இல்ல' என்று இருந்தது. 'ஐஸ்கிரீமா?' 'இல்ல.' 'தின்னுருக்கியா?' 'இல்ல.' பச்சையப்பனிடம் சந்திரலேகாவின் போன் நம்பரை வாங்கியிருக்கலாம். போனில் பேசத் தொடங்கினால் அறை பேச்சை நிறுத்திவிடுமோ என்று பயந்து வாங்கவில்லை.

ஒரகடத்தில் அந்தச் சொல்லுக்குப் பழத்தைத் தவிர எல்லா உபயோகமும் இருந்தது. பேக்கரியில் அது ரோஸ் கலர் பால், மெடிக்கலில் உதட்டில் தடவுவது, துணிக்கடையில் சுடிதாரின் நிறம். கேன்டீனில் சூப்பர்வைசர் நரசிம்மனிடம் பேச்சி அர்த்தம் கேட்டாள்.

"ஸ்ட்ரான்னா வைக்கோல்மா, பெரின்னா சின்னப் பழம். இன்னா, பரீட்சை கிரீட்சை எழுதப் போறியா?"

"பழத்துக்கும் வைக்கோலுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

நரசிம்மன் போனில் தேடினார். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இங்கிலீஷிலேயே அந்தச் சொல் இருக்கிறது, காரணம்தான் ஒருத்தருக்கும் உறுதியாகத் தெரியாது என்றார். பழம் மண்ணில் படாமலிருக்க அடியில் வைக்கோல் பரப்பியதால் என்கிறார்களாம். தோலின்மேல் ஒட்டியிருக்கும் விதை வைக்கோல் துணுக்குபோல் இருப்பதால் என்கிறார்களாம். கொடி தரையெல்லாம் இறைந்து ஓடுவதால் என்கிறவர்களும் உண்டாம்.

"விதையெல்லாம் வெளியவா? எதையும் உள்ள வச்சுக்கத் தெரியாத பழம் போல."

"உன்ன மாதிரியே. பெல் அடிச்சிட்டான், கெளம்பு."

அந்த வாரத்தில் பேச்சி ஒரு மனுஷரிடம் வாய்விட்டுப் பேசியது அவ்வளவுதான். அடியில் வைக்கோல் பரப்பிய காரணம் அவளுக்குப் பிடித்திருந்தது. 'பின்ன அது உனக்கு என்னதான்?' என்று கேட்க ஆசை, ஆனால் ஒரு தடவை பூட்டும்போது அறை ஒரு சொல்லுக்கு மேல் வாங்கிக்கொள்ளாது. 'பின்ன?' என்று மட்டும் சொல்லிப் பூட்டினாள்.

வேலை முடிந்து வந்தபோது பச்சையப்பன் கேட்டிலேயே நின்றார். "அந்தப் பொண்ணு காலி பண்ணிகினு போயிடுச்சும்மா. காண்ட்ராக்ட் முடிஞ்சிதாம். உனுக்குப் பதில் உள்ள கீதுன்னு சொல்லச் சொல்லிச்சு."

இப்போது நம்பரை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். யாரோ ஒருவர் இந்தியில் பேசி வைத்துவிட்டார். பேச்சி சாவியோடு கதவடியில் நின்றாள். திறந்தால் பதில் காதில் விழும், விழுந்ததும் தீர்ந்துபோகும், அப்புறம் அது வெறும் அறை. சட்டைப் பையில் பிரஸ் ஷாப்பில் கொடுக்கும் இயர் பிளக் இருந்தது. பழத்துக்கு அடியில் வைக்கோல் பரப்புகிறவள்போல மெதுவாக உருட்டி, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, கதவைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அவள் அதை எடுத்ததே இல்லை. கட்டிலின் மறுபாதிக்கு தேவிப்பிரியா என்ற பெண் வந்தாள். "தெனிக்கும் ஒரு வார்த்தை வச்சிட்டுத்தான் போறேன் அங்கிள், அந்தக்கா ஒண்ணுத்துக்கும் பதில் சொல்ல மாட்டேங்குது" என்று பச்சையப்பனிடம் குறைப்பட்டாள். அவர் அதைப் பேச்சியிடம் சொல்லவில்லை. குடித்தனக்காரர்கள் விஷயத்தில் தலையிடுவது அவர் வழக்கமில்லை. அட்வான்ஸ் கொடுக்க வருகிறவர்களிடம் இப்போதும் சொல்லிவிடுகிறார்: ஒன்பதில் தளம் ஒழுகும், மூன்றில் தண்ணீர் நின்று நின்று வரும், ஏழு கொஞ்சம் நெரிசல்.