கணவாய்ச் சந்து, பதினான்காம் எண்

கணவாய்ச் சந்தின் பதினான்காம் எண் வீட்டுக்குத் தீ வைத்ததாக மாக் டின்-வோவுக்கு ஆறு வருடத் தண்டனை கிடைத்த மறுநாள் காலை, அந்த வீடு அங்கே இருந்தது. அதுவரை பன்னிரண்டாம் எண்ணோடு சந்து முடிந்துவிடும், அப்புறம் கடல்சுவர்தான். இப்போது சுவருக்கு முன்னால் இரண்டு மாடி வீடு ஒன்று கரி பிடித்து, கூரை இடிந்து, இன்னும் லேசாகப் புகைந்துகொண்டு நின்றது. சுங் சாவ் தீவுக்காரர்கள் போய்ப் பார்த்துவிட்டு, ஹாங்காங் போகும் படகைப் பிடித்து வேலைக்குப் போனார்கள்.

உண்மையில் எரிந்தது கோயிலுக்குப் பின்னாலிருந்த வலைக் கொட்டகை. குற்றப்பத்திரிகையில் முகவரி தப்பாக விழுந்தது; யாரும் திருத்தவில்லை. படகு எஞ்சின் பழுதுபார்க்கும் மாக் அன்று காசு வைத்து மாஜாங் சூதாடப் போயிருந்தான். மனைவி ஸியூ-ஃபோங்குக்குப் பயந்து, வீட்டில் இருந்ததாகப் போலீசிடம் சொல்லிவிட்டான். அந்தப் பொய்யை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீதிபதி ஜூரிகள் ஏழு பேருக்கும் விளக்கினார்: பொய் சொன்னதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார், ஆனால் ஆகமாட்டார் என்று கொள்ளவும் வேண்டியதில்லை, கொள்ளக்கூடாது என்றும் இல்லை. உள்ளே போன ஜூரிகள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குத் தலைவியாக இருந்த பேக்கரிக்கார அம்மாள் எழுந்தாள்.

“ஐயா, அப்ப பொய் சொன்னா குத்தவாளியா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

நீதிபதி அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார். ஐந்துக்கு இரண்டு என்று தீர்ப்பு வந்தது.

சிறைக்குப் பார்க்கப் போன ஸியூ-ஃபோங் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து திட்டினாள். “யோவ், மாஜாங்னு சொல்லித் தொலைச்சிருந்தா நான் என்ன, கொன்னா போட்டிருப்பேன்?”

“போட்டிருப்ப,” என்றான் மாக்.

அவள் சிரித்தாள். பிறகு படகுத்துறைவரை அழுதுகொண்டே வந்தாள்.

மேல்முறையீடு இரண்டு வருடம் கழித்து விசாரணைக்கு வந்தது. அரசு வக்கீல் வீட்டின் புகைப்படத்தை நீட்டி, முகவரியில் பிழையே இல்லை என்றார். மூன்று நீதிபதிகளும் படத்தைக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஸியூ-ஃபோங்கைக் கூப்பிட்டு, வீடு எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார்கள்.

“தீர்ப்புக்கு மறுநாள்லேருந்துங்க. துணி காயப்போட வந்தேன், வெயிலை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு.”

குற்றம் சாட்டும்போது இல்லாத வீடு பிறகு வந்து குற்றச்சாட்டைச் சரிசெய்துவிட முடியாது, கேள்வி கேட்ட ஜூரிக்குப் பதிலும் கிடைக்கவில்லை என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தார்கள். மறுவிசாரணை வேண்டாம் என்றும் உத்தரவிட்டார்கள்.

தண்டனை போனால் வீடும் போய்விடும் என்று சந்தில் பலர் நம்பினார்கள். போகவில்லை. படகிலிருந்து இறங்கிய மாக் நேரே அதற்குள்தான் போனான். ஸியூ-ஃபோங்கும் பின்னாலேயே நுழைந்தாள்.

“தீயை எங்க வெச்சேனாம்?”

“சமையக்கட்டுல.”

கரிந்த சுவரை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவன் முதுகில் கை வைத்தாள். வீட்டுக்கு உரிமை கேட்டு யாரும் வரவில்லை. குளிர்காலத்துக்குள் கூரை போட்டுக் குடிபுகுந்தார்கள். அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று இருவருக்கும் ஒரு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் ஜன்னலோரம் வைத்தார்கள், அவள் சொன்ன இடத்தில்.