சகலையின் ஊதாக் காளான்

என் சகலையைக் காளான் தேடும் குழுவில் சேர்த்துவிட்டதே நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எத்தனையோ குளிர்காலமாகக் குனிந்து குனிந்து முதுகு போனதுதான் எனக்கு மிச்சம். மனுஷன் வந்த முதல் குளிரிலேயே, நான் சற்றுமுன் மிதித்துப் போன சருகை விலக்கி, கத்தரிப்பூ நிறத்தில் நாலைந்து காளான்களைக் கூடையில் அள்ளிவிட்டார்.

குழுத் தலைவர் பல் டாக்டர். ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“ராத்திரி குடையைத் தாள்ல கவிழ்த்து வச்சு, காலையில கொண்டாங்க. அதுலேருந்து விழற தூள் இளஞ்சிவப்பா இருந்தா, இந்தக் காட்டுக்கே இது புதுசு. உங்க பேர் பலகையில ஏறிடும்.”

புதுக் காளானைக் கண்டவர்களின் பெயர்ப் பலகை குழு அறைச் சுவரில் இருக்கிறது. அதில் என் பெயர் இல்லை. இவர் பெயர் ஏறினால் மாமனார் வீட்டில் நான் தலைகாட்ட முடியாது.

எல்லோரும் அவரைச் சூழ்ந்து நின்றபோது, அடுத்த மரத்தடியில் அதே ஊதாவில் ஒன்று தென்பட்டது. எல்லாம் ஒரே இனம்தானே என்று சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் அதன் குடையை வெள்ளைத்தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடினேன். காலையில் திறந்தால், துரு நிறத் தூள்! சமையலறையில் ஒரு குதி குதித்தேன்.

“கால்ல ஏதாவது குத்திடுச்சா?” என்றாள் மனைவி.

குழு அறையில் சகலை வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன்.

“டாக்டர், நேத்து இவர் கூடையிலேருந்து ஒண்ணு எடுத்துட்டுப் போனேன். பாருங்க, வெறும் துரு!”

சகலை தன் தாளைப் பிரித்தார். இளஞ்சிவப்பு.

டாக்டர் இரண்டு குடைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். என்னுடையதன் விளிம்பில் மட்டும் ஒட்டடை மாதிரி மெல்லிய நூல்கள் தொங்கின.

“அட, இது வேற இனம்! இதுவும் இந்தக் காட்டுக்குப் புதுசு. ஒரே நாள்ல ரெண்டு!” என்று சகலையின் கையைக் குலுக்கினார்.

சகலை விழித்தார். “இதை எடுத்த ஞாபகமே இல்லையே. என் கூடையிலதான் இருந்துச்சா, சகலை?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னுடையது என்றால், பொய் சொன்னேன் என்றும் சொல்லியாக வேண்டும்.

“உங்க கூடைதான்” என்றேன்.

பலகையில் அவர் பெயர் இரண்டு முறை ஏறியது. டாக்டரின் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பதால், இரண்டையும் எழுதியது நான்.