பின்கதவும் பதினைந்து நிமிடமும்

மார்ச் 4, செவ்வாய்

அறிவிப்பில் ஒரு தவறு செய்துவிட்டேன். ஆலையின் சாப்பாட்டு அறைச் சுவரில் நான் ஒட்டிய தாளின் முதல் வரி இது: “கடல் உள்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓடுங்கள்.” வரி பொய்யில்லை. ஆனால் அது முதல் வரியாக இருக்கக் கூடாது.

இன்று நான் படிக்கும் நிலவியல் மாலை வகுப்பில் கண்ணாடித் தொட்டிச் சோதனை. தொட்டியின் அடியில், நடுவே அச்சு வைத்த ஒரு பலகை. கம்பியை இழுத்தால் பலகையின் ஒரு பாதி எழும், மறுபாதி தாழும். கடலடியில் ஒரு பாறைத்தட்டு இன்னொன்றின் கீழே நுழையும் இடத்தில், மேல்தட்டின் ஓரம் சிக்கிக்கொண்டு வருடக்கணக்கில் வளைந்துகொண்டே போகிறது. ஒருநாள் சிக்கல் விடுபடுகிறது. ஓரம் துள்ளி எழுகிறது, அதன் பின்பக்கம் தாழ்கிறது. அதுதான் நிலநடுக்கம். மேலே நிற்கும் தண்ணீர் முழுவதும் தரையோடு சேர்ந்து எழுந்து, தாழ்ந்து, இரண்டு பக்கமும் கிளம்புகிறது.

குறிப்பெடுக்கும் வேலை எனக்கு. தொட்டியின் இடது முனையில் தண்ணீர் முதலில் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது, பிறகு ஏறியது. வலது முனையில் இறங்கவே இல்லை. நேராக ஏறிவிட்டது. நான் ஏதோ தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி செய்யச் சொன்னேன். ஐந்து தடவையும் அதேதான்.

“ஆறாவது தடவையும் வேணுமா?” என்றார் வகுப்பு ஆசிரியர். பகலில் நில அளவை வேலை பார்க்கிறவர்; கம்பி இழுத்துக் கை சிவந்திருந்தது.

“வேண்டாம் சார். கடல் உள்வாங்கட்டும்னு காத்திருக்கிறவங்க வலது பக்கம் இருந்தா?”

“காத்திருப்பாங்க,” என்றார்.

முதல் வரி தரையைப் பற்றி இருக்க வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள், தரை பலமாக ஆடினால், அல்லது மெதுவாகவே ஆனாலும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தால், ஆட்டம் ஓய்ந்ததும் கிளம்பிவிட வேண்டும். கடல் என்ன செய்கிறது என்று எட்டிப் பார்க்கக் கூடாது.

எனக்கு இது வெறும் பாடமில்லை. இறால் பதப்படுத்தும் ஆலையில் நான் லேப் உதவியாளர். தண்ணீரின் குளிரையும் குளோரின் அளவையும் மணிக்கு மணி எழுதுவது என் வேலை. என் அக்கா அங்கே உரிக்கும் கூடத்தின் தலைவி. அவளையும் குளிர் அறையில் வேலை செய்யும் இருவரையும் சேர்த்துக் கூடத்தில் அறுபத்திரண்டு பேர். முன்கதவு படகுத்துறைக்குத் திறக்கிறது. பின்கதவு மேட்டுச் சாலைக்குத் திறக்கிறது. சாலை முடிவில் தண்ணீர்த் தொட்டி, அதுதான் இங்கே உயரமான இடம். ஈயும் பூனையும் நுழையும் என்று பின்கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சாவி மேனேஜரின் டிராயரில். தரை ஆடினால், என் அக்கா கடலை நோக்கி ஓடித்தான் கடலிடமிருந்து தப்ப வேண்டும்.

மூன்று மாதம் கேட்டபிறகு மேனேஜர் ஒரு ஒத்திகைக்குச் சம்மதித்திருக்கிறார். பதினைந்து நிமிடத்துக்குள் கடைசி ஆளும் தொட்டியடிக்கு ஏறிவிட்டால் பூட்டை எடுத்துவிடுவார். இல்லாவிட்டால் பூட்டு அப்படியே இருக்கும். பதினைந்து என்றது நான்தான். வகுப்பு வரைபடத்தில் தட்டுகள் சிக்கிக்கொள்ளும் அந்தப் பிளவு நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆழத்தில் அலை மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும், கரையருகே வேகம் குறையும். என் கணக்கில் இருபத்தைந்து நிமிடம். ஆட்டத்துக்கும் திகைப்புக்கும் பத்தைக் கழித்தேன். கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன். நான்காவது முறையும் பார்க்கத் தோன்றுகிறது.

மார்ச் 5, புதன்

முதல் வரி தவறு என்று காலையிலேயே மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவர் தாளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“ஒரு தாள்ல ஒரு வரி சரியா எழுத வரல. நீ அறுபத்திரண்டு பேரை மேடு ஏத்தப் போறியா?”

ஐஸ் கேட்க வந்த அக்கா, கையுறையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்றிருந்தாள்.

“தப்புன்னு அவளே வந்து சொல்றா சார். போன வருஷம் ஐஸ் மெஷின் நாலு நாள் படுத்துக்கிச்சே, அப்ப யாராவது வந்து சொன்னாங்களா?”

மேனேஜர் தாளை நான்காக மடித்தார். “செவ்வாய்க்கிழமை. ஒரே ஒரு தடவை.”

மதியம் சாப்பாட்டு அறையில் இரண்டு மேசைகளுக்கு நடுவே தார்ப்பாயைத் தொய்வாகக் கட்டித் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு பேர் அடியில் கைவைத்துத் தார்ப்பாயைச் சட்டென்று தூக்கினார்கள்.

“டீச்சரம்மா, உங்க கடல் என் சாப்பாட்டு டப்பாவுக்குள்ள ஏறிடுச்சு!” என்றது ஒரு குரல்.

“காத்துல வர்ற அலைன்னா தண்ணியோட மேல்பக்கம்தான் ஆடும்,” என்றேன். “இது அடியிலேர்ந்து மேல வரைக்கும் மொத்தத் தண்ணியும் நகர்றது.”

கூடத்தில் மூத்தவருக்கு முட்டிவலி. ரொம்ப மெதுவாக நடப்பதால் எல்லோரும் அவரை ராக்கெட் என்று கூப்பிடுவார்கள். அவர் கேட்டார்: “அப்ப நடுக்கடல்ல படகுல இருக்கிறவன் கதி?”

“அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அங்க அது ஒரு முழம் உயரம் இருந்தாலே ஜாஸ்தி. நீளம்தான் கிலோமீட்டர் கணக்குல. கரைகிட்ட வந்ததும் முன்னால போறது மெதுவாயிடும். பின்னால வர்றது நிக்காம வந்து மேல மேல ஏறும்.”

“நம்ம ஷிப்டு முடிஞ்சு பஸ் ஏறுற மாதிரி,” என்றார் ராக்கெட். அதற்கு மேல் யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் யாருக்கும் அது மறக்காது என்று நினைக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

தோற்றுவிட்டோம்.

பத்து மணிக்கு விசில் ஊதினேன். எல்லோரும் மேசைக்கு அடியில் புகுந்தார்கள். ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது விசில். பின்கதவு விரியத் திறந்திருந்தது. கூடத்தில் இருந்த எல்லோரும் எழுந்து, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பூட்ஸ் கழுவும் தொட்டிக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள்.

கூடத்தை விட்டு யார் வெளியே போனாலும் ஏப்ரனைத் தன் எண்ணுள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். கையுறையைக் கூடையில் போட வேண்டும். பூட்ஸை குளோரின் தண்ணீரில் முக்கி, அடிப்பாகத்தை பிரஷால் தேய்க்க வேண்டும். ஒவ்வொருவராக. யாரும் சொல்லவில்லை, கால்கள் தாமாகப் போய்விட்டன. வரிசையின் முனையில் வழக்கம்போல அக்கா நின்று, “அந்தப் பூட்ஸையும் தூக்கிக் காட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்கு பக்கத்துக்கு வழிமுறை எழுதியிருந்தேன். பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதையும் எழுதிவிடுகிறேன்: கையில் ஸ்டாப்வாட்சுடன் நானும் வரிசையில் நின்று பூட்ஸ் கழுவினேன்.

பத்தொன்பது நிமிடம், நாற்பது விநாடி. மேலே நின்று நேரத்தைப் படித்தபோது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்து தங்கள் சுத்தமான பூட்ஸைப் பார்த்தார்கள். மேனேஜர் கேலி செய்யவில்லை. இறங்கிப் போய்ப் பூட்டை மாட்டினார்.

அக்கா அவர் பின்னாலேயே போனாள். “ஓடிப் பார்க்கத்தானே சார் ஒரு தடவை குடுத்தீங்க? நாங்க எங்க ஓடினோம்? வரிசையில நின்னோம். அந்த ஒரு தடவை இன்னும் மிச்சம் இருக்கு.”

“வாய்க்குப் பூட்டுப் போட முடிஞ்சா முதல்ல உனக்குத்தான் போடணும்,” என்றார் அவர். “வியாழக்கிழமை. அதோட சரி.”

வீட்டில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “ஒன்பது வருஷமா நான்தான் அவங்க காலைப் பழக்கி வச்சிருக்கேன். இப்ப வாயால சொன்னா கால் கேக்குமா?”

“அப்ப என்ன பண்றது?”

“நீ விசிலை மட்டும் ஊது.”

மார்ச் 13, வியாழன்

பத்து மணி. விசில். மேசையடி. இரண்டாவது விசில்.

அக்காதான் முதலில் எழுந்தாள். ஏப்ரனில் இறால் தண்ணீர் வழிந்தது, கையுறையில் ஓடு ஒட்டியிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தாலும் திட்டுகிற என் அக்கா, பூட்ஸ் தொட்டிப் பக்கம் திரும்பாமல், அந்த அழுக்கோடு விறுவிறுவென்று பின்கதவைத் தாண்டினாள். யாரோ அலறினார்கள்: “அக்கா, பூட்ஸு!”

“பூட்ஸ் கெடக்கட்டும்டி! கால் இருக்கா பாரு, கிளம்பு!”

அதன்பிறகு கூடமே கதவு வழியாகக் கொட்டியது. ராக்கெட்டின் இரண்டு கையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். “வழி விடுங்க, ராக்கெட் கிளம்பிடுச்சு!” என்று ஒருத்தி கத்த, “சிரிக்க வைக்காதீங்கடி, மூச்சு வாங்குது!” என்று அவர் திட்டிக்கொண்டே ஏறினார். ஏப்ரனோடு, கையுறையோடு, தொப்பியோடு அந்த மேட்டுச் சாலையில் அவர்கள் ஏறியதைப் பார்த்தபோது விசில் என் வாயிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டேன்.

எட்டு நிமிடம், ஐம்பது விநாடியில் தொட்டியடியில் அக்கா தலை எண்ணினாள். ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அறுபது. மறுபடி எண்ணினாள். அறுபதுதான்.

“குளிர் அறை,” என்றாள். கீழே இறங்க ஒரு அடி வைத்தாள். பிறகு அவளே நின்றாள். மேலே ஏறியவர் திரும்ப இறங்கக் கூடாது என்று வழிமுறையில் எழுதியிருந்தேன், அவள் அதைப் படித்திருக்கிறாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பார்க்காமலிருக்க முயன்றேன்.

பதினோராவது நிமிடத்தில் இரண்டு தடித்த கோட்டுகள் வளைவில் தெரிந்தன. காதுவரை மூடிய தொப்பிக்குள் விசில் கேட்கவில்லையாம். தள்ளுவண்டி எடுக்க வெளியே வந்தவர்கள் காலிக் கூடத்தையும் பின்கதவு வரைக்கும் போன அழுக்குப் பூட்ஸ் தடங்களையும் பார்த்தார்களாம். “அக்கா கூடத்துல அழுக்குத் தடம் இருக்குன்னா உலகம்தான் அழியுதுன்னு ஓடி வந்துட்டோம்,” என்றார் அந்த இருவரில் மூத்தவர்.

அறுபத்திரண்டு.

கடைசியாக மேனேஜர் வந்தார். பாதி வழியில் திரும்பிப் போய் டிராயரைப் பூட்டிவிட்டு வந்தாராம்.

“சார், அலை வந்து டிராயரையா திறக்கும்?” என்றார் ராக்கெட்.

அவர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். “பழக்கம்,” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “எவ்வளவு?”

“பதிமூணு நிமிஷம் இருபது விநாடி சார். உங்களையும் சேர்த்து.”

அவர் கொஞ்ச நேரம் கீழே ஆலைக் கூரையையும் அதற்கு அப்பால் கடலையும் பார்த்தார். மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் இடையே எவ்வளவு குறைவான இடம் என்று எனக்கே இன்றுதான் தெரிந்தது. “உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போதும்,” என்றார். “ஈ வராம கம்பிவலைக் கதவு ஒண்ணு போட்டுக்கலாம்.” பூட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல், மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

பெண்கள் போட்ட கூச்சல் படகுத்துறை வரை கேட்டிருக்கும். அக்கா கூச்சல் போடவில்லை. அவள் என் பக்கம் வந்து, “உன் கணக்கு சரியாத்தானே இருக்கும்?” என்று மட்டும் கேட்டாள். நாலு தடவை பார்த்தேன் என்றேன். “அப்ப சரி,” என்று ஈரக் கையுறையால் என் தலையில் தட்டினாள். இன்னும் இறால் நாற்றம் போகவில்லை.

கூடத்தைக் கழுவி மருந்தடித்து மறுபடி வேலை தொடங்க நாற்பது நிமிடம் ஆனது. மேனேஜர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாலை வகுப்பில் ஆசிரியர் முடிவைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார். ஆட்கள் 62, நேரம் 13.20 என்று எழுதினேன். நேரம் பார்த்த என்னை விட்டுவிட்டாலும் மேனேஜரைச் சேர்த்தால் 63 என்பது பாதியில் நினைவு வந்து அழித்துத் திருத்தினேன்.

“யார் நடத்தினாங்க?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“எங்க அக்கா,” என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. அதைத் திருத்தவில்லை.

நாளை: வேலை தொடங்குமுன் எலக்ட்ரீஷியனைப் பிடித்து, குளிர் அறைக்குள் சுழலும் சிவப்பு விளக்கு மாட்ட முடியுமா என்று கேட்க வேண்டும். கதவிலிருந்து விளக்குக்கு எத்தனை மீட்டர் ஒயர் என்று முன்னதாக நானே அளந்து வைக்க வேண்டும்.