சிவப்பு ஜெராய்

கணவன் ஆர்தர் ஆசையாய் வாங்கித் தந்த, கட்டைகளைப் பொருத்திச் செய்யும் பொம்மைத் தீயணைப்பு வண்டியைப் பிரித்து, அதே கட்டைகளால் அகத்தா ஜெராய் மலையைக் கட்டியிருந்தாள். லூனாஸ் ஊரின் அந்தி வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு மலை மேசையைவிட்டு மிதப்பதுபோல் இருந்தது. உச்சியில் குட்டித் தீயணைப்பு வீரன் உட்கார்ந்திருந்தான்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து திரும்பிய ஆர்தர் சீருடையோடு குனிந்து பார்த்தான்.

“நெருப்பே இல்லையே, இவன் இங்க என்ன செய்றான்?”

“அவருக்கு இன்னிக்கு லீவுலா. வருஷா வருஷம் போலாம் போலாம்னு சொன்ன மலையாச்சே!”

“நீ எங்க?”

“பெட்டியில ஒரு ஆளுதாங்க. வேற பெட்டியில இருந்து எடுத்து வைக்கிறது ஆட்டத்துல சேராது.”

ஆர்தர் வீரனை மெல்லக் கழற்றி, சற்று ஓரமாகப் பதித்தான். பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் இருந்தது.